சிவப்பில் வந்த எண்ணும் மணிக்கட்டு முறிவும்

அம்மாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘எலும்பு’ என்ற பகுதியில் ஒரு எண் சிவப்பாக வந்திருக்கிறது. கூடவே எடுத்த பெரியம்மாவுக்கு எல்லாம் கறுப்பிலேயே இருக்கிறது. அப்படியானால் அம்மாவின் எலும்பு உடையப் போகிறதா, பெரியம்மாவுக்குப் பயமில்லையா, ஈப்போ நகரம் வரை போய் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கும் அலைச்சல் இனி தேவையில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். சிவப்பில் வந்த அந்த ‘சி.டி.எக்ஸ் என்றால் என்ன’ என்றுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணின் எலும்பு எவ்வளவு தாங்கும் என்பதை ஒரு குழாய் ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. ரத்தம் வேறு சில விஷயங்களைச் சொல்லும், அவற்றில் ஒன்றிரண்டு மிகவும் முக்கியமானவை. ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அந்த அறிக்கையில் இல்லை. நீங்களே போகிற போக்கில் எழுதிய அரை வரியில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில், பயோகெமிஸ்ட்ரி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில்தான், அதனால் உங்கள் அம்மா இருக்கும் ரப்பர் தோட்டத்துப் பக்கம் எனக்குப் பழக்கமானது. நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை வருடம் என்பதையெல்லாம் நேரில் பார்த்து எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும். கையில் குத்திய ரத்தம் காகிதத்தில் எண்ணாக வருவதற்குள் என்னவெல்லாம் ஆகலாம் என்பது என் தொழில். அதைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன்.

நீங்கள் கொடுத்த விவரம் இவ்வளவு. அம்மாவுக்கு வயது 58, எடை 47 கிலோ, 44 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது, இளவயதிலிருந்து பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கோயில் மண்டபத்தில் நடந்த பரிசோதனை முகாமில் காலை பதினொரு மணிக்கு, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்ட பிறகு ரத்தம் கொடுத்திருக்கிறார். கால்சியம் 2.31, அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 121, வைட்டமின் டி 41, சி.டி.எக்ஸ் 0.71. இந்தக் கடைசி எண்தான் சிவப்பு, ஏனென்றால் அறிக்கையில் உச்ச அளவு 0.57 என்று போட்டிருக்கிறது. பெரியம்மாவுக்கு வயது 67, இருபது வருடமாகச் சர்க்கரை, சி.டி.எக்ஸ் 0.24. முகாம் நடத்தியவர்கள் அம்மாவுக்கு ஒரு கால்சியம் மாவு டின்னை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் குடித்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எலும்பு கல் மாதிரி அப்படியே நிற்பதில்லை. ஒரு வகைச் செல் பழைய எலும்பை அரித்துக்கொண்டே போகும், இன்னொரு வகைச் செல் பின்னாலேயே வந்து புது எலும்பு கட்டும். பெரியவர்களுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. அரிக்கும்போது எலும்பின் கொலாஜன் நார் துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கும். அதில் ஒரு துண்டுதான் சி.டி.எக்ஸ். புது நார் நெய்யும்போது அதன் நுனியை வெட்டி எறியும் துண்டு பி1என்பி. ஒன்று அழிவின் வேகம், மற்றது ஆக்கத்தின் வேகம். இரண்டும் வேகத்தைத்தான் சொல்கின்றன, இருப்பைச் சொல்வதில்லை. உங்கள் அம்மாவிடம் கேட்டால் அவரே விளக்குவார்: மரத்தடியில் கிடக்கும் பட்டைச் சீவலைப் பார்த்து இன்று எவ்வளவு சீவினார்கள் என்று சொல்லலாம், மரத்தில் இன்னும் எத்தனை வருடத்துக்குப் பட்டை இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அதற்கு மரத்தைப் பார்க்க வேண்டும்.

மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விடுகிறது. கட்டும் வேலையும் கூடுகிறது, ஆனால் அரிப்புக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால் மாதவிடாய் நின்ற பெண்களிடம் சி.டி.எக்ஸ் முன்பிருந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்வது சாதாரணம். அறிக்கையில் போட்டிருக்கும் 0.57 என்ற உச்ச அளவு மாதவிடாய் நிற்காத இளம்பெண்களுக்கானது. பரவலாகப் புழங்கும் ஒரு கருவியின் அட்டவணையில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கான உச்சம் ஏறத்தாழ 1.0. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 0.71 நடுவில் எங்கோ நிற்கிறது. இளம்பெண்களின் அளவை ஒப்பிடுவதற்குப் பயன்படுத்தும் மருத்துவர்களும் உண்டு, குறிப்பாக மருந்து தொடங்கிய பிறகு எதை எட்ட வேண்டும் என்று பார்க்கும்போது. அதில் தவறில்லை. ஆனால் 58 வயதுப் பெண்ணுக்கு 35 வயதுக்காரியின் அளவைப் போட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் சிவப்பு அடித்துக் கையில் கொடுப்பது என்ன நியாயமோ.

அடுத்தது நேரம். சி.டி.எக்ஸ் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். விடியற்காலைக்கு முன்னால் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் அடிமட்டத்துக்கு வரும். சாப்பாடு இன்னும் இழுத்து இறக்கும். காலை உணவு மட்டுமே நூற்றுக்கு இருபதுக்கு மேல் குறைத்துவிடும். அதனால்தான் இரவு முழுக்கப் பட்டினி இருந்து காலையில் எட்டு, ஒன்பது மணி வாக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி. 2011இல் உலக எலும்புச் சிதைவு அமைப்பும் மருத்துவ வேதியியல் கூட்டமைப்பும் சேர்ந்து, எலும்பின் வேகத்தைக் காட்டும் ரத்தக் குறியீடுகள் எத்தனையோ இருக்கும்போது சி.டி.எக்ஸ், பி1என்பி இரண்டை மட்டும் ஆய்வுகளுக்குப் பொது அளவாகத் தேர்ந்தெடுத்தபோது மாதிரி எடுக்கும் முறையை அழுத்திச் சொன்னதும் இதற்காகத்தான். பி1என்பி இந்த விஷயத்தில் சமர்த்து, சாப்பிட்டாலும் மணி மாறினாலும் அதிகம் அசையாது. உங்கள் அறிக்கையில் அது இல்லை.

எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் சி.டி.எக்ஸ் நேரமானாலும் தாக்குப் பிடிக்கும். மஞ்சள் மூடியோ சிவப்பு மூடியோ என்றால் சீக்கிரம் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைந்துகொண்டே போகும். மண்டபத்து மேசையில் மின்விசிறிக் காற்றில் குழாய்கள் மதியம் வரை நின்று, அப்புறம் பெட்டியில் ஏறி, வேனில் வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் கதையை நான் நிறையப் பார்த்தவள். சர்க்கரை, கொழுப்புக்குக்கூட அது நல்லதில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும்: முடி வளர, நகம் வளர என்று பயோட்டின் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா? சில கருவிகளில் ரத்தத்தில் பயோட்டின் அதிகம் இருந்தால் சி.டி.எக்ஸ் இருப்பதைவிடக் குறைவாகவும், வைட்டமின் டி இருப்பதைவிட அதிகமாகவும் காட்டும். ஆய்வுக்கூடத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை, நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

நேரம், சாப்பாடு, குழாய், பயோட்டின் எல்லாம் எண்ணைக் கீழே இழுக்கும் காரணங்கள். மாதவிடாய் நின்றதைத் தவிர, மேலே தள்ளும் இன்னொரு காரணம் உங்கள் அம்மாவிடம் இருக்கிறது, அதுதான் நான் சொன்ன அரை வரி. ‘நாலு மாசத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது, மாவுக்கட்டு போட்டுச் சரியாகிவிட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உடைந்த எலும்பு கூடும்போது அந்த இடத்தில் அரிப்பும் கட்டுமானமும் மும்முரமாக நடக்கும், குறியீடுகள் எல்லாம் ஏறும். மாதக்கணக்கில் ஏறியே இருக்கும், ஒரு வருடம் வரைகூட. அல்கலைன் பாஸ்பட்டேஸும் அப்படியே. ஆக அந்த 0.71க்குள் மாதவிடாய் நின்றதன் பங்கு, மணிக்கட்டு கூடுவதன் பங்கு இரண்டும் இருக்கின்றன, நாசி லெமாக்கும் பதினொரு மணியும் இறக்கிய குறைவும் இருக்கிறது. எது எவ்வளவு என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

விதிப்படி எடுத்திருந்தால் மட்டும் என்ன தெரிந்திருக்கும்? இதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. பல நாட்டுப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் திரட்டி 2014இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சி.டி.எக்ஸோ பி1என்பியோ ஒரு திட்ட விலக்கம் அளவுக்கு, அதாவது மக்களிடையே இயல்பாகக் காணும் ஏற்றத்தாழ்வில் ஒரு படி, கூடினால் எலும்பு முறியும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ இருபது கூடுகிறது. தொடர்பு உண்மைதான், ஆனால் பலவீனமானது. இதையே ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1996இல் வந்த அதே மாதிரியான ஒரு தொகுப்பில், இடுப்பெலும்பின் அடர்த்தி ஒரு படி குறைந்தால் இடுப்பு முறியும் வாய்ப்பு 2.6 மடங்காகிறது. ஒரு கூட்டமாகப் பார்க்கும்போது குறியீடு ஏறிய பெண்களிடம் முறிவு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இந்த ஒரு பெண்ணுக்கு உடையுமா என்று கேட்டால் இருபது சதவீத வித்தியாசம் பதில் ஆகாது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2008 முதல் உலகமெங்கும் பயன்படுத்தும் ஃப்ராக்ஸ் என்ற முறிவுக் கணக்கில் வயது, எடை, பழைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகை, மது, ஸ்டீராய்டு எல்லாம் கேட்பார்கள். எந்த ரத்தப் பரிசோதனையையும் கேட்பதில்லை.

அறிக்கையில் கறுப்பில் இருக்கும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கால்சியம் நார்மல், அதனால் எலும்பு நல்லாயிருக்கு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதயமும் நரம்பும் ஓட ரத்தத்தில் கால்சியம் ஒரு குறுகிய வரம்புக்குள் இருந்தே ஆக வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். எலும்பு பாதி கரைந்தவருக்கும் ரத்தக் கால்சியம் 2.3 என்று அழகாக வரும். அந்தப் பரிசோதனை தேவையில்லாதது என்று சொல்ல வரவில்லை. கால்சியம் கூடுதலாக இருந்தால் பாராதைராய்டு கோளாறு, சில சமயம் புற்றுநோய்கூட மாட்டும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் எலும்பிலிருந்தும் வரும், கல்லீரலிலிருந்தும் வரும். அம்மாவின் 121 அறிக்கையின் வரம்புக்குள்தான், அதுவும் முறிவு கூடிக்கொண்டிருக்கும்போது. அது பெரிதாக ஏறியிருந்தால் எலும்பு மென்மையாகும் வேறு நோயைத் தேடச் சொல்லும்.

அம்மாவின் வைட்டமின் டி 41, கறுப்பில் வந்தாலும் குறைவுதான். லிட்டருக்கு 50 நானோமோல் போதும் என்பது பரவலான கணக்கு, 30க்குக் கீழே போனால் கட்டாயம் கவனிக்க வேண்டும். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் எப்படி என்று கேட்பார்கள். மரம் வெட்டும்போதே விடியற்காலையில் ஆரம்பித்து ரப்பர் நிழலில் முழுக்கைச் சட்டையோடுதான் வேலை, இப்போது வீட்டுக்குள்ளேயே பொழுது போகிறது, நம் தோல் நிறமும் சூரிய ஒளியை அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது. குறைவைச் சரிசெய்வது நல்லது. ஆனால் வைட்டமின் டி மாத்திரை மட்டும் போட்டால் முறிவு நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2022இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் தினம் 2,000 யூனிட் சாப்பிட்ட பொதுவாக ஆரோக்கியமான நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் முறிவு குறையவில்லை. வருடத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த 2010 ஆஸ்திரேலிய ஆய்வில் விழுவதும் முறிவதும் கூடின. கொஞ்சமாக, ஒழுங்காக, டாக்டர் சொன்ன அளவில். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது மணிக்கட்டுக்கு வருகிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு உடைந்தால் அது விபத்துக் கணக்கில் வராது. திடகாத்திரமான எலும்பு அந்த விழுகையைத் தாங்கியிருக்கும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இப்படி ஒரு முறிவு வந்துவிட்டால் அடுத்த முறிவின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த ஒரு விஷயம், நீங்கள் காசு கொடுத்து எடுத்த சி.டி.எக்ஸை விடப் பல மடங்கு கனமானது. மாவுக்கட்டு பிரித்ததோடு கதை முடிந்தது என்று அனுப்பிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஏன் உடைந்தது என்று யாரும் கேட்பதில்லை. இதோடு 44 வயதில் மாதவிடாய் நின்றதைச் சேருங்கள். 45க்கு முன் நின்றால் அதுவே தனி ஆபத்துக் காரணம், ஈஸ்ட்ரோஜன் இல்லாத வருடங்கள் கூடிவிட்டன. ஆசியப் பெண்களுக்கென்று 2001இல் வந்த ஓஸ்டா என்ற எளிய கணக்கும் இருக்கிறது: எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 47 கழித்தல் 58, அதை 0.2ஆல் பெருக்கினால் −2.2. −1க்கும் −4க்கும் இடையில் நடுத்தர ஆபத்து, −4க்குக் கீழே அதிக ஆபத்து. இந்தக் கணக்குக்கு முறிவும் தெரியாது, சீக்கிரம் மாதவிடாய் நின்றதும் தெரியாது. அவற்றையும் சேர்த்தால் ஸ்கேன் எடுக்கத் தயங்கவே வேண்டாம்.

ஸ்கேன் என்றால் டெக்ஸா. வலிக்காது, கதிர்வீச்சு மிகக் குறைவு. இடுப்பையும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியையும் பார்த்து டி-ஸ்கோர் என்று ஒரு எண் தரும். −2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புச் சிதைவு என்பது 1994இல் உலகச் சுகாதார அமைப்பு வகுத்த கோடு. டெக்ஸாவும் முழு உண்மை சொல்லிவிடாது. முறிந்தவர்களில் நிறையப் பேருக்கு டி-ஸ்கோர் −2.5க்கு மேலேயே இருக்கும். அதனால்தான் ஸ்கேன், வயது, பழைய முறிவு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். ஃப்ராக்ஸில் சிங்கப்பூர்க் கணக்கு சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று தனித்தனியாக இருப்பது நமக்கு ஒரு வசதி. ஈப்போ போவது அரை நாள் வேலைதான், அம்மாவை அழைத்துப் போங்கள்.

பெரியம்மா விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். எண்கள் சுத்தமாக வந்திருக்கின்றன, ‘உங்களுக்குப் பயமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு எலும்பை அரித்துக் கட்டும் வேகம் பொதுவாகக் குறைந்தே இருக்கும், அதனால் சி.டி.எக்ஸும் தாழ்ந்தே வரும். ஆனால் அவர்களுக்கு முறிவு அதிகம். டெக்ஸாவிலும் அடர்த்தி நன்றாகத் தெரியும், எலும்பின் தரம் கெட்டிருக்கும். ஃப்ராக்ஸும் இரண்டாம் வகைச் சர்க்கரையைத் தனியாகக் கேட்பதில்லை, ஆபத்தைக் குறைத்தே காட்டும். பார்வை மங்கல், கால் மரத்துப்போதல், சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றல் இவற்றால் விழும் வாய்ப்பும் சேர்கிறது. 2019 தேசிய உடல்நல ஆய்வில் நாட்டில் பெரியவர்கள் நூற்றுக்கு 18 பேருக்குச் சர்க்கரை, இந்தியர்களில் நூற்றுக்கு முப்பதுக்கும் மேல். ஆக நம் வீட்டுப் பெண்களில் பெரிய பகுதிக்கு ‘எலும்புக் குறியீடு நார்மல்’ என்பது வெறும் சமாதானம். பெரியம்மா கொஞ்சம் கூன் போட்டிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாசல் நிலையில் செருப்பில்லாமல் நிற்க வைத்து உயரத்தை அளந்து, இளவயது உயரத்தோடு ஒப்பிடுங்கள். நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பில் சத்தமில்லாமல் முறிவு நடந்திருக்கலாம், முதுகுக்கு ஒரு எக்ஸ்ரே கேளுங்கள். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை முறிவென்று தெரியாமலே போகின்றன. முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்திவிடுவார்கள்.

கால்சியம் மாவு டின் விஷயம். மூன்று மாதம் குடித்துவிட்டு மறுபடி எடுத்தால் எண் இறங்கியிருக்கும் என்று முகாம்காரர்கள் சொன்னார்கள் அல்லவா, இறங்கத்தான் போகிறது. மணிக்கட்டு கூடி முடிய முடிய சி.டி.எக்ஸ் தானாகவே வடியும். கால்சியம் குடித்ததும் பாராதைராய்டு கொஞ்ச நேரம் அடங்கி எலும்பு அரிப்பும் தணியும், அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் அதுவும் தெரியும். இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்னும் இறங்கும். இதில் எதுவும் எலும்பு பலமானதைக் காட்டாது, மாவுக்கு மட்டும் நல்ல பெயர் கிடைக்கும். அம்மாவின் வயதுக்கு நம் நாட்டுப் பரிந்துரை நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம். பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, தவு (சோயாக் கட்டி), கேழ்வரகு இவற்றில் முடிந்தவரை வரட்டும், பற்றாக்குறைக்கு மட்டும் கிளினிக்கில் கொடுக்கும் சாதாரண மாத்திரை போதும்.

இப்படியெல்லாம் சொல்வதால் சி.டி.எக்ஸ், பி1என்பி வீண் என்று எண்ண வேண்டாம். சரியான இடத்தில் அவை அருமையானவை. அந்த இடம், சிகிச்சை தொடங்கிய பிறகு. எலும்பு அரிப்பை அடக்கும் அலெண்ட்ரோனேட் மாதிரி மருந்து ஆரம்பித்தால் எலும்பு அடர்த்தி மாறுவது ஸ்கேனில் தெரிய ஒன்றிரண்டு வருடம் ஆகும். ரத்தக் குறியீடு மூன்று மாதத்திலேயே காட்டிவிடும். 2017இல் ஐரோப்பிய நிபுணர்கள் தந்த வழிமுறை, மருந்துக்கு முன் ஒரு தடவையும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் எடுத்து, பி1என்பி 38 சதவீதத்துக்கு மேலோ சி.டி.எக்ஸ் 56 சதவீதத்துக்கு மேலோ இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. இறங்காவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்தை அல்ல, சாப்பிடும் முறையை. வாரம் ஒருமுறை போடும் அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சேரவே சேராது. ‘ஒழுங்கா சாப்பிடறேம்மா’ என்று சொல்லும் அம்மாக்களின் ரகசியத்தை இந்தப் பரிசோதனை போட்டுக்கொடுத்துவிடும். அரிப்பை அடக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைச் சொல்லாமல் நிறுத்தியவர்களிடமும் குறியீடு எகிறும், மருந்து தொடங்குவதற்கு முன் இருந்ததையும் தாண்டிவிடும். அந்தக் கட்டத்தில் முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்த நிகழ்வுகள் உண்டு. அந்த ஊசியைப் பணம் இல்லை, ஊரில் இல்லை என்று தள்ளிப்போடவே கூடாது. இந்த மாதிரி மருந்து எடுக்கிறவர்களுக்குத் தாடை எலும்பு பாதிக்கப்படாமல் இருக்க, பல் பிடுங்குவதற்கு முன் சி.டி.எக்ஸ் 150 பிகோகிராமுக்கு மேல் (அம்மாவின் அறிக்கை அளவில் 0.15) இருக்க வேண்டும் என்று 2007 வாக்கில் ஒரு யோசனை வந்தது, இன்னும் சில இடங்களில் கேட்கிறார்கள். அடுத்து வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

ஸ்கிளெரோஸ்டின், எஃப்.ஜி.எஃப் 23, மைக்ரோ ஆர்.என்.ஏ என்று புதுப்புதுப் பெயர்களில் ‘எலும்பு முறிவை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை’ விளம்பரங்கள் வரும். ஆராய்ச்சியில் சுவாரஸ்யமானவைதான், எதுவும் ஒரு தனி மனிதருக்கு முடிவு சொல்லும் நிலைக்கு வரவில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏவில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கும் இன்னொன்றுக்கும் எண் ஒத்துவருவதே பெரும்பாடு. அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு: எலும்பைக் கரைக்கும் மறைமுகக் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) ஒரு ரிங்கிட் சீட்டு எடுத்து, அம்மாவின் மணிக்கட்டு எக்ஸ்ரேயையும் இந்த அறிக்கையையும் காட்டி, ‘நின்ற இடத்திலிருந்து விழுந்து உடைந்தது, 44 வயதில் மாதவிடாய் நின்றது’ என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள். முழு ரத்த எண்ணிக்கை, இ.எஸ்.ஆர் (உடம்பில் அழற்சியைக் காட்டும் அளவு), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தசோகையோடு இ.எஸ்.ஆர் மிக அதிகமாக இருந்தால் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயைத் தேடிப் புரதப் பரிசோதனை செய்வார்கள். கிரியேட்டினின் பெரியம்மாவுக்கும் அவசியம், சிறுநீரகம் தளர்ந்தால் சி.டி.எக்ஸ் வெளியேறாமல் தேங்கிப் பொய்யாக ஏறும், சில மருந்துகளைக் கொடுக்கவும் முடியாது. இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள்: மூட்டுவலிக்கு பாசார் மாலாமிலோ (இரவுச் சந்தை) யாரோ கொண்டுவந்து கொடுத்தோ ஜாமு, மாஜுன் மாதிரி நாட்டு மருந்து, பெயர் தெரியாத மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா? ‘சாப்பிட்ட அன்னிக்கே வலி ஓடிப்போச்சு, முகமும் உப்பி அழகா இருக்கு’ என்று புகழப்படும் சரக்குகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு எலும்பு கட்டும் செல்களையே முடக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, பொட்டலத்தையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டாக்டர் மருந்து தொடங்க முடிவெடுத்தால், மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன் பி1என்பியை ஒருதடவை எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள், இந்த 0.71ஐத் தொடக்க எண்ணாக வைத்துக்கொள்ள முடியாது. எங்கே எடுத்தாலும் இரண்டாவது தடவையும் அதே ஆய்வுக்கூடம், அதே காலை நேரம், வெறும் வயிறு. வேறு வேறு கருவிகளின் எண்களை ஒப்பிட முடியாது. சி.டி.எக்ஸ்தான் கிடைக்கும் என்றால் ரத்தம் எடுக்கிறவரிடம் ஊதா மூடிக் குழாய் என்று சொல்லுங்கள், முறைத்தால் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.